டிரம்முக்குப் போட்ட சீட் பெல்ட்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமில்லாவிட்டாலும் என் அளவுக்கு மோசமாக இருக்க வழியில்லை. உன் அக்கா இங்கே அமோகமாக இருக்கிறாள். எனக்கு மட்டும் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது, ஆகவே வரிகள் வலப்பக்கமாகச் சாய்ந்தால் பொறுத்துக்கொள்.

நிற்க. கச்சேரிகளில் டிரம்ஸ் அடித்துப் பிழைக்கிறவன் நீ. ரிடையரான அக்கா பொழுது போகவில்லை என்று சொன்னால் தோட்டம் போடு, துணி தை என்று சொல்லக் கூடாதா? “அக்கா, உன் கையில தாளம் இருக்கு, சின்னதா ஒரு டிரம் செட் வாங்கிக்கோ” என்று போனில் சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு வைத்துவிட்டாய். சின்னது என்றால் எவ்வளவு சின்னது என்று சொன்னாயா? கடைக்காரர் சின்னது என்று அனுப்பியதை ஹாலில் பரப்பியதும் பீரோக் கதவு திறக்கவில்லை, நான் ஒரே சட்டையோடு திரிந்தேன். கீழ்வீட்டில் கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டரம்மா படியேறி வந்து, “மேல என்னங்க இடிக்கிறீங்க? பேஷண்ட் வாயில டிரில்லை வச்சா கை தன்னால ஆடுது” என்று சண்டைக்கு நின்றார். அப்பாடா, இத்தோடு ஒழிந்தது என்று நான் நினைத்தால், உன் அக்கா சும்மா இருக்காமல் மெதுவாக ஒரு தட்டு தட்ட, அந்தம்மா கால் ஆடி, தலை ஆடி, கடைசியில் பாடவே ஆரம்பித்துவிட்டார். எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல் டீச்சருக்கு கிட்டார் வருமாம். ஆளுக்கொரு வாத்தியமாகக் குழு சேர்ந்தாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை மச்சான், போக்குவரத்துக்கு இருப்பது அந்த டீச்சரின் டிரைவிங் ஸ்கூல் கார்தான். டீச்சர் ஓட்டுவார், டாக்டரம்மா பக்கத்தில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறவருக்கென்று அந்தப் பக்கம் வைத்திருக்கிற ரெண்டாவது பிரேக்கை மிதிப்பார், பின்னால் உன் அக்கா, அவளுக்குப் பக்கத்தில் நான் உட்கார வேண்டிய இடத்தில் காலால் மிதித்து அடிக்கிற அந்தப் பெரிய டிரம். முதல் ஒத்திகைக்குப் போனபோது உன் அக்கா அந்த டிரம்முக்கு சீட் பெல்ட் போட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை அப்படி ஒருதரம் தட்டிப் பார்த்திருப்பாளா? கார் போய்விட்டது, நான் வாசலில் நிற்கிறேன். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், எனக்கு அந்த காரில் ஒரு இடம் வேண்டும். அவள் போகிற இடத்துக்கு நானும் போக வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அதற்காகத்தான் சின்ன செட் தேடி அலைந்தேன். கரண்டில் வேலை செய்கிற ரப்பர் தட்டு செட் ஒன்று கொண்டுவந்தேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு அடித்தால் வீட்டில் சத்தமே இல்லை, சுருட்டினால் பைக்குள் அடக்கம், சொர்க்கம் என்று நினைத்தேன். வெளியில் வாசிக்க அதற்கு ஸ்பீக்கர் வேண்டுமாம், ஸ்பீக்கர் பழைய டிரம்மைவிடப் பெரிசு. அதையும் பழைய செட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று போகிற செட் ஒன்றைப் பிடித்தேன். பெரிசுக்குள் நடுத்தரம், நடுத்தரத்துக்குள் சின்னது. சர்வீஸ் முழுக்க பேக்கிங் செக்ஷனில் இருந்தவன் நான், அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய கம்பெனியில் சொல்லி ரெட்டைத் தடிமன் அட்டைப்பெட்டி ஒன்று வாங்கி, பித்தளைத் தட்டுகளுக்கு நடுவில் போர்வை, ஸ்டாண்டுகளுக்கு நடுவில் என் காலுறைகள் என்று விரற்கடை இடம் விடாமல் அடைத்து டிக்கியில் ஏற்றினேன். மூடி மட்டும் சாத்தவில்லை. அவள் உட்கார்ந்து வாசிக்கிற ஸ்டூல் இடித்தது. அதைத் தூக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன், டிக்கி ‘டக்’கென்று மூடிக்கொண்டது, நான் ஏறி உட்கார்ந்தேன்.

கச்சேரி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைத் திறப்பு விழாவில். இது நன்றாக நடந்தால் அடுத்து பேக்கரிக்காரர் கூப்பிடுவார் என்று பேச்சு. எல்லாம் மாட்டி முடித்து உட்காரப் போன உன் அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“ஸ்டூல் எங்க?”

“வீட்டுல.”

“வீட்டுல என்ன பண்ணுது?”

“வண்டியில அதுக்கு இடமில்ல.”

“உங்களுக்கு இருந்துச்சா?”

நான் நாற்காலி தேடி ஓடினேன். கடையில் இருந்த ஒரே நாற்காலி கண் டெஸ்ட் பண்ணுகிறது, தரையோடு முடுக்கியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள். உன் அக்கா முகம் சுருங்கிப்போயிற்று மச்சான், அழுதுவிடுவாள் போல இருந்தது. அந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்காரலாம் என்றால், காலிப்பெட்டி அமுங்கிவிடும், உள்ளே எதையாவது திணித்திருந்தால்தான் பாரம் தாங்கும், இது என் தொழில். சுற்றிப் பார்த்தேன். திணிக்க அங்கே வேறு எதுவும் இல்லை, நான்தான் இருந்தேன்.

உள்ளே கும்மிருட்டு, ஒரே பசை நாற்றம். முழங்கால் தாடையில், முதுகின் மேல் உன் அக்கா. மூன்றாவது பாட்டில் இடது கால் மரத்துப்போய், எழுந்திரு என்று சொல்ல அட்டையை ரெண்டு தட்டுத் தட்டினேன். அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி தட்டினேன். வெளியே கைதட்டல். அதற்கப்புறம் தூசியில் இருமல் வேறு வந்தது, அதற்கு அதைவிடப் பெரிய கைதட்டல். முடிந்ததும் கடைக்காரர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, “இது என்ன டிரம்முங்க, புதுசா இருக்கு?” என்று கேட்க, உன் அக்கா கூசாமல், “வெளியூர்ல சொல்லி வரவழைச்சது” என்கிறாள். அப்புறம் நான் எப்படி வெளியே வருவது? கடைசி ஆள் போகிறவரை உள்ளேயே கிடந்தேன். யாரோ என் மேல் ஜூஸ் டம்ளர் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆகவே மச்சான், உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் பல் டாக்டர் கை ஆடாத, கடையில் எல்லார் காதுக்கும் கேட்கிற, ஸ்டூலையும் சேர்த்து டிக்கியில் அடங்குகிற ஒரு செட்டை நீயே பார்த்து அனுப்பு. முடியாதென்றால் நேரில் வந்து, போதும் விட்டுவிடு என்று உன் அக்காவிடம் சொல். ஆரம்பித்து வைத்தவன் நீ, நீ சொன்னால்தான் கேட்பாள்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நீண்டநாள் வாழட்டும், கையடக்கமான வாத்தியமாகப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே, செட்டும் அனுப்பாதே, உன் அக்காவிடம் வாயைத் திறக்காதே. கவரை ஒட்டுவதற்குள் பேக்கரிக்காரர் போன் பண்ணிவிட்டார். “மத்த டிரம்மெல்லாம் வேண்டாங்க, நடுவுல இருமுமே, அந்தப் பெட்டி மட்டும் போதும்” என்றாராம். ஒன்றுக்குள் ஒன்று போகிற செட்டை நீ வந்து எடுத்துக்கொண்டு போகலாம். பெட்டியில் மூச்சுக்கு ஓட்டை போட்டு, முழங்காலுக்குத் தலையணை வைத்துவிட்டேன். மடித்தால் டிக்கியில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. நேற்று ஒத்திகைக்குக் கிளம்பும்போது பின் சீட்டில் உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே எனக்கு பெல்ட்டை இழுத்து மாட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.