கித்தாருக்கு ஒரு தகடு

"தகடு வெச்சா சத்தம் செத்துடும்" என்றார் தம்பிராஜா.

"வெக்காட்டி மரமே செத்துடும்" என்றார் கணேசமூர்த்தி.

இருவருக்கும் நடுவில் கித்தாரை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஜெயபாலன். தம்பிராஜா பிடில் வாசிப்பவர், காஜா பேராங் தெருவில் குரோன்சோங் என்கிற மலாய்ப் பாட்டு வாசிக்கும் கோஷ்டியின் தலைவர். கணேசமூர்த்தி அடுத்த சந்துத் தச்சர். ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது.

கித்தாரின் வட்டத் துளைக்குக் கீழே, மீட்டுகிற சில்லு உரசும் இடத்தில், மெல்லிய தகடு ஒன்றை ஒட்டுவது உண்டு. மரம் தேயாமல் இருக்க அது ஒரு காப்பு. ஜெயபாலனின் கித்தாரில் அது இல்லை. யுத்தத்துக்கு முன்பு மாட்டுக்கொம்புச் சில்லால் இதமாக மீட்டிய காலத்தில் அது தேவைப்படவும் இல்லை. ஜப்பான்காரன் வந்ததும் கடைகளில் அரிசி முதல் ஊசி வரை எல்லாம் காணாமல் போயின, கொம்புச் சில்லும் போயிற்று. தேங்காய்ச் சிரட்டையை உடைத்துத் தேய்த்து மீட்ட ஆரம்பித்தான். மூன்று வருஷத்தில் சிரட்டை மரத்தைப் பிராண்டி எடுத்துவிட்டது.

இன்னும் பிராண்டினால் பலகையே பிளந்துவிடும். தகடு ஒட்டினால் சத்தம் போய்விடும். இரண்டில் எதையும் இப்போது அவன் தாங்க முடியாது, ஏனென்றால் போகிக்கு முந்தின வாரம் கிளேபாங்கில் தவுக்கே என்கிற சீன முதலாளி வீட்டுக் கல்யாணம் இருந்தது. வாசிக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சுப்பா அரிசி. நிஜ அரிசி. ஒரு சுப்பா என்றால் நாலு பேர் இரண்டு வேளை வயிறாரச் சாப்பிடலாம்.

அந்த அரிசி அவன் வயிற்றுக்கு அல்ல, மாமனாருக்கு. மாமனார் சின்னப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஊர்ச் செட்டிக் குடும்பங்களில் போகியன்று 'பார்ச்சு' என்று ஒரு படையல். வாழையிலை விரித்து, சோறும் கறியும் வைத்து, மறைந்தவர்களைக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்வார்கள். போன வருஷம் வரை மாமியார் வீட்டில் நடந்தது. அவரும் போய்விட்டதால் இந்த வருஷம் முதன்முறையாக மூத்த மகள் சந்திரமதி வீட்டில், அதாவது ஜெயபாலன் வீட்டில்.

குருபோங் தோட்டத்துப் பையனான ஜெயபாலனுக்குப் பெண்ணைக் கொடுக்கவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் சின்னப்பா. சுவரில் மாட்டியிருந்த படத்திலும் அதே முகத்தோடுதான் இருந்தார். அவர் இலையில் மரவள்ளிக்கிழங்கை வைத்தால் என்ன நினைப்பார் என்பதை நினைக்கவே ஜெயபாலனுக்கு வியர்த்தது.

"நீ கவலப்படாத சந்திரா. பார்ச்சுக்கு அரிசி என் பொறுப்பு" என்று அவன் சத்தியம் செய்திருந்தான். சந்திரமதி திரும்பிக்கூடப் பார்க்காமல் மரவள்ளி சீவப் போய்விட்டாள்.

அதற்கும் காரணம் இருந்தது. ஜெயபாலன் தங்கமான மனுஷன், ஆனால் கையிலும் வாயிலும் ஒன்றும் நிற்காது. தீபாவளிக்கு அவள் பாடுபட்டுச் சேர்த்து வைத்திருந்த அரிசியைப் பற்றிக் கோஷ்டியில் பெருமையாகச் சொல்லிவிட்டான். அன்று ராத்திரி ஐந்து பேர் வாத்தியங்களோடு வந்துவிட்டார்கள். அவள் கஞ்சி வைத்து ஊற்றிவிட்டு, தான் பானையைக் கழுவிக் குடித்தாள்.

இப்போது அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தகடு வைங்க. ரெண்டு மூணு நாளா சத்தம் அடங்கித்தான் கேக்குது. மரம் தேஞ்சதாலதான்."

ஜெயபாலன் ஆச்சரியப்பட்டான். பத்து வருஷத்தில் அவன் கித்தாரைப் பற்றி அவள் சொன்ன ஒரே கருத்து "தூக்கம் வருது" என்பது.

"தகட்டுக்கு எங்க போறது?"

அவள் கொண்டையிலிருந்து ஆமை ஓட்டுச் சீப்பை உருவி நீட்டினாள். அவள் அம்மாவின் சீப்பு.

"இது போலேவா, ஆகுமா பாருங்க."

"போலே, போலே" என்று வாங்கிக்கொண்டார் தச்சர். என் வாத்தியத்துக்காகத் தாய் வீட்டுச் சொத்தைக் கொடுக்கிறாளே என்று ஜெயபாலன் உருகிப்போனான்.

சீப்பின் பல்லை அறுத்து, வெந்நீரில் போட்டு வளைத்து நிமிர்த்தி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டினார் கணேசமூர்த்தி. பார்க்க அமர்க்களமாக இருந்தது. மறுநாள் மீட்டியபோது சத்தம் மூக்கடைத்துக்கொண்டு வந்தது.

"நான் அப்பவே சொல்லல?" என்றார் தம்பிராஜா. அவருக்கு அன்று நல்ல பசி எடுத்தது.

"தடிமன் ஜாஸ்தி. எடுத்து இழைச்சா சரியாயிடும்" என்றார் தச்சர்.

வெந்நீர்த் துணியால் ஒற்றித் தகட்டை எடுத்தார்கள். கூடவே ஒரு கையகலத்துக்கு வார்னிஷும் வந்துவிட்டது. காகிதம்போல இழைத்துத் திரும்ப ஒட்டினார்கள். சத்தம் இன்னும் அடங்கியது. தகட்டை அடியோடு எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் சத்தம் இன்னும் அடங்கியது.

"வார்னிஷ் போன எடத்துல மரம் ஈரம் குடிச்சிருச்சு" என்றார் கணேசமூர்த்தி. "வெயில்ல வெக்கணும்."

"வைங்க, நல்லாக் காயட்டும்" என்று பாயை எடுத்துக்கொண்டு சந்திரமதியே ஓடி வந்தாள். முற்றத்தில் கித்தாரை மல்லாக்கப் போட்டுக் காகம் விரட்டினாள். தன் கித்தாருக்கு அவள் காகம் விரட்டுவதை ஜெயபாலன் தான் வேலை பார்க்கும் நகரசபைத் தண்ணீர் ஆபீசுக்குப் போய் எல்லாக் கிராணிக் குமாஸ்தாக்களிடமும் சொன்னான்.

இதற்கிடையே இன்னொரு தொல்லை. கித்தார் கனக்க ஆரம்பித்தது. மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகிறது. ஜெயபாலன் அதையும் தம்பிராஜாவிடம் சொன்னான்.

"கித்தார் கனக்கல லா, நீ எளச்சிட்ட. மூணு வேளையும் மரவள்ளி தின்னா என்னா ஆகும்? எனக்கு பிடில் வில்லே கனக்குது."

அது நியாயமாகப் பட்டது.

வெயிலில் வைத்த இரண்டாம் நாள், வட்டத் துளையிலிருந்து சின்னதாக ஒரு கறுப்பு வண்டு வெளியே வந்து, கம்பிமேல் ஏறி நின்று, அவனைப் பார்த்தது. ஜெயபாலன் தச்சரிடம் ஓடினான்.

"மரத்தத் தின்னுற வண்டு" என்றார் கணேசமூர்த்தி, யோசிக்காமல். "உள்ள குடும்பமே இருக்கும். வேப்பிலைப் புகை போட்டுடுவோம்."

"புகை மட்டும் வேணாம்" என்று குறுக்கே வந்து நின்றாள் சந்திரமதி.

"ஏன்?"

"வாசனை ஏறிடும்."

கித்தாருக்கு வாசனை ஏறினால் என்ன என்று இரண்டு ஆண்களும் யோசித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். கித்தார் மறுபடி வெயிலுக்குப் போயிற்று.

சாயங்காலமானால் சந்திரமதியின் தங்கை விஜயா வருவாள். கிளேபாங்கில் ஒரு பெரிய வீட்டில் தையல் வேலை, கூலி காசாக இல்லை, பொருளாகத்தான். அக்காள் புருஷனை அவள் அந்த ஊர் மலாய் வழக்கப்படி 'அபாங்', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். அவள் வாசலில் கால் வைத்ததும் ஜெயபாலனுக்குக் கிணற்றடியில் வேலை வந்துவிடும். இரண்டு குடம் தண்ணீர் இழுத்துக்கொண்டு வருவதற்குள் அக்காளும் தங்கையும் கூடத்தில் உட்கார்ந்து கிழிந்த சாரோங் துணியில் விரல் தடிமனுக்கு நீளநீளமாய் என்னவோ தைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் என்னவென்று கேட்டான்.

"பொம்பளைங்க சமாச்சாரம்" என்றாள் விஜயா.

அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிணற்றடிக்குப் போனான்.

வியாழக்கிழமை தம்பிராஜா கோஷ்டியைக் கூட்டி ஒத்திகை வைத்தார். ஜெயபாலன் தகட்டை மறுபடி ஒட்டிக்கொண்டு போயிருந்தான், கடைசி நம்பிக்கையாக. பிடில் பாடியது, புல்லாங்குழல் கூடவே போயிற்று. கித்தார் மட்டும் தலையணையைத் தட்டுவதுபோல் 'தொப் தொப்' என்றது. தம்பிராஜா வில்லைக் கீழே வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான், அவர் அன்பாகப் பேசினார்.

"ஜெயா, இந்தத் தடவ அப்பாசாமி வரட்டும். நீ வந்து கேளு. சோறு உனக்கும் போடச் சொல்றேன்."

அப்பாசாமி பத்து பெரெண்டாம் என்ற ஊரின் விமானத்திடலில் ஜப்பான்காரனுக்கு மண் சுமக்கிறவன். அவன் கித்தாரில் பிறக்கும்போதே கறுப்பாய்ப் பளபளவென்று ஒரு தகடு இருந்தது. சத்தமும் இருந்தது.

தம்பிராஜா போட்டுவிக்கும் சோறு ஜெயபாலன் வயிற்றுக்கு ஆகும். மாமனார் இலைக்கு ஆகாது. இரண்டு நாள் அவன் சரியாகத் தூங்கவில்லை. கல்யாணம் முடிந்து அப்பாசாமி ஒரு சுப்பா அரிசியோடு ஊர் திரும்பியதும், ஜெயபாலன் நேரே அவனிடம் போய் நின்றான்.

"கித்தார எடுத்துக்க. அந்த அரிசியக் குடு."

அப்பாசாமி கொஞ்சம் யோசித்தான்.

"மரம் எனக்கு வேணாம். கம்பிக்காக வாங்கிக்கிறேன். இப்ப எங்கயும் கம்பி கெடைக்கல. போகியன்னிக்குக் காலைல வரேன்."

பதினாலு வருஷமாக மடியில் வளர்ந்த வாத்தியம், ஆறு கம்பிக்காகப் போகிறது. ஜெயபாலன் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஆனால் சந்திரமதியிடம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு ரகசியத்தை நாலு நாள் வாய்க்குள் வைத்திருந்தான், அதற்கே உடம்பு இளைத்துவிட்டது.

போகியன்று விடிந்ததும் சந்திரமதி கூடத்தைக் கழுவி, சின்னப்பாவின் படத்துக்கு எதிரில் ஏழு வாழையிலையை அடுக்கி வைத்தாள். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"சந்திரா, கல்யாணத்துக்கு என்னயக் கூட்டிட்டுப் போகல. அரிசி கெடைக்கல. ஆனா பயப்படாத. இன்னிக்கு வந்துடும். கித்தார அப்பாசாமிக்குக் குடுக்கிறேன்."

சந்திரமதியின் கையிலிருந்த இலை நழுவியது.

"எத?"

"கித்தார."

"எப்ப?"

"இப்ப வருவான்."

அவள் அறைக்குள் ஓடினாள். கித்தாரை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். "குடுக்க மாட்டேன். யாரு வந்தாலும் குடுக்க மாட்டேன். இந்த வீட்டுல நீங்க யாருக்கும் தூக்கிக் குடுக்காத பொருள் இது ஒண்ணுதான். இதப் போயி..."

ஜெயபாலன் உருகி ஓடினான். இத்தனை வருஷம் தூக்கம் வருகிறது என்று சொன்னவள், உள்ளுக்குள் இவ்வளவு ஆசையா வைத்திருந்தாள்? சீப்பைக் கொடுத்தது, காகம் விரட்டியது, புகைக்குக் குறுக்கே நின்றது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. மாமனார் படத்தைப் பார்த்து மனசுக்குள் சொன்னான்: பார்த்தீர்களா, உங்கள் மகளுக்கு என் வாசிப்பு எவ்வளவு பிடிக்கும் என்று.

"நீ இவ்வளவு ஆசப்படுறது எனக்குத் தெரியாது சந்திரா. ஆனா உங்கப்பா எலையில என்னத்த வெக்கிறது?"

சந்திரமதி வாயைத் திறந்தாள். வாசலில் அப்பாசாமியின் சைக்கிள் மணி கேட்டதும் மூடிக்கொண்டாள்.

அப்போது அடுப்படியிலிருந்து விஜயா வந்தாள். இடுப்பில் முறம், கையில் தண்ணீர்ச் சட்டி. இருவரையும் பார்த்துவிட்டு, அக்காள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, முறத்தைத் தரையில் வைத்துச் சொன்னாள்:

"அபாங், கம்பியக் கழட்டிட்டுக் கித்தாரக் கவுத்துங்க, உள்ள இருக்குற அரிசிப் பையெல்லாம் எடுத்து ஊறப் போடணும், நேரமாச்சு."