முப்பத்திரண்டு டப்பாக்களும் ஒரு சம்பந்தியும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் எழுதுவது. அங்கே எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, பேச்சுவார்த்தைதான் இல்லை.

ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் என்றதும் நீ கூடாரம், மடக்கு மேசை, கேஸ் அடுப்பு எல்லாம் கொடுத்தபோது, "அத்தான், காட்டுல சமைக்கிறது பெரிசில்ல. சாமானை ஒழுங்கா அடுக்கிக்கணும், அவ்வளவுதான்" என்று சொன்னாய். முப்பத்தொரு வருடம் கிடங்கைக் கட்டி மேய்த்தவனிடம் சொல்கிற வார்த்தையா அது? போதாததற்கு மகள் வேறு தனியாக அழைத்து, "அப்பா, மாமனாரும் வர்றார். இந்த ஒரு தடவை அவர் முகம் சுளிக்காம பாத்துக்கோங்க" என்றாள். சம்பந்தியை உனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் என்னிடம் பேசியது மொத்தம் ஒன்பது வார்த்தை, அதில் மூன்று, "வண்டியை எங்க விடறது?"

ஆகவே, வெளிச்சம் படக்கூடாதென்று உள்ளே தெரியாத டப்பாவாகப் பார்த்து, ஒரே அளவில் முப்பத்திரண்டு வாங்கினேன். கிடங்கில் எந்தச் சரக்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்? எண்தான் போட்டேன். எதில் எது என்று ஒரு நோட்டில் எழுதினேன். இடம் மிச்சமாகுமென்று சர்க்கரையைக்கூட அரைத்து வைத்தேன். "சமைக்கப் போறோமா, சரக்கு ஏத்தப் போறோமா?" என்றாள் உன் அக்கா. ஏரிக்கரையில் மேசையை விரித்து, ஒன்றிலிருந்து வரிசையாக நிறுத்தியபோது பக்கத்துக் கூடாரத்துக்காரர் வந்து வியந்துவிட்டுப் போனார். அப்போது உன் அக்கா, "தீப்பெட்டி எது?" என்று கேட்டாள். நோட்டு வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது.

ஒவ்வொன்றாகத் திறந்தோம். பதினொன்றில் மிளகுத்தூள், அடித்த காற்றில் அது அவரவர் மூக்குக்குச் சமமாகப் போய்ச் சேர்ந்தது. இருபத்தாறில் தீப்பெட்டி. ஒருவழியாக டீ கொதித்தது, சர்க்கரைதான் பாக்கி. வெள்ளைப் பொடி மட்டும் ஐந்து டப்பா. சம்பந்தி, "குடுங்க, நான் பாக்கறேன்" என்றார். சிட்டிகை இல்லை மச்சான், ஒரு ஸ்பூன் அள்ளி வாயில் போட்டார். அது பாத்திரம் துலக்கும் சோப்புத்தூள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நுரைதான் வந்தது. சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். சம்பந்தி வாய் கொப்பளித்துவிட்டு, நேரே காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு மாலைக்குள் வீடு திரும்பினோம். மகள் வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதுதான் இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

வெளிச் சமையலுக்கு இத்தோடு ஒரு பெரிய கும்பிடு. ஞாயிற்றுக்கிழமை வந்து உன் சாமான்களை எடுத்துக்கொண்டு போ. தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். நீங்களாவது நாலு சுவருக்குள் சமைத்துச் சாப்பிட்டு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் சம்பந்தி போன் செய்தார். "சம்பந்தி, நான் கார்ல போய் உக்காந்தது கோபத்துல இல்ல. நான் சிரிச்சு இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல, அதான். வீட்டுக்காரி இன்னும் சிரிச்சிட்டிருக்கா. அடுத்த மாசம் நாலு நாள் போகலாம். சமையல் உங்க பொறுப்பு." ஞாயிற்றுக்கிழமை வராதே. உன் அடுப்பு இனி என் அடுப்பு.