பெரிய நம்பர்தான் செல்லும்

"தம்பி, உன்ரை மெசேஜ் மூண்டாம் நம்பர். கொம்மாவின்ரை நூத்தெட்டு. பெரிய நம்பர்தான் செல்லும் எண்டு நீதானே சட்டம் போட்டனி?" என்றார் போனில் யோகராசா மாமா.

உமாசுதன் இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், கால்சாப் பகுதியில் ஒரு மண்டப வாசலில் பட்டுவேட்டியோடு நின்றுகொண்டிருந்தான். இன்று அவனுக்கு நிச்சயதார்த்தம். முப்பத்தாறு வயது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் பேசி முறிந்தாயிற்று. மூன்றாவதாகக் கிருசாந்தினி வீட்டார்தான் தலையாட்டினார்கள், நிச்சயச் சேலையும் பெண் வீட்டுக்குப் போய்விட்டது. இதுவும் தவறினால் பலெர்மோவில் பெண் கேட்க வேறு வீடு இல்லை. பன்னிரண்டோடு நல்ல நேரம் முடிகிறது. மண்டபத்திலோ ஒரு ஈ காக்கை இல்லை.

பயலுக்கு ஒரு இன்டர்நெட் கம்பெனியில் ரூட்டர் பார்க்கிற வேலை. எந்த வழி திறந்திருக்கிறது, எது அடைபட்டது என்று ஒவ்வொரு ரூட்டரும் பக்கத்து ரூட்டருக்குச் சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும். செய்தியின் தலையில் ஒரு நம்பர் இருக்கும். பெரிய நம்பர் என்றால் புதிய செய்தி. பழையதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். கடைசியில் எல்லா ரூட்டரிடமும் ஒரே வரைபடம் இருக்கும். ரூட்டருக்குச் சரிவந்தது சொந்தக்காரருக்குச் சரிவராதா என்று இந்த மேதை யோசித்தான். நம்பர் இல்லாத மெசேஜை வாசிக்கவே கூடாது, ஆனால் வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக ஒரு பெருவிரல் படம் போட்டுவிட வேண்டும் என்று சட்டம் போட்டான்.

அவனே அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தான். பவளராணி அக்கா அனுப்பும் காலை வணக்கப் பூ, மாமாவின் மூட்டுவலி வைத்தியம், புதன்கிழமை பெண் வீட்டிலிருந்து வந்த நீளமான என்னவோ ஒன்று, எல்லாவற்றுக்கும் பெருவிரல். பிறகு குப்பை.

நிச்சயதார்த்தத் தேதி முதலாம் நம்பர் மெசேஜ். லிபெர்த்தா மண்டபத்தில் என்பது இரண்டாம் நம்பர். இன்று விடிய அங்கே தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. கால்சாவுக்கு வரச் சொல்லி மூன்றாம் நம்பர் போனது. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் பெற்ற தாய் சும்மா இருப்பாரா? அம்பிகை அம்மா மூன்றாவதைப் பார்க்கவே இல்லை. இரண்டாவதை அப்படியே எடுத்து, "வரேக்கை பலகாரத் தட்டை மறந்திடாதேங்கோ" என்று சேர்த்து, பிள்ளையார் சுழி போட்டு, நூற்றெட்டு என்று நம்பரும் போட்டு அனுப்பிவிட்டார்.

"ஏனம்மா நூத்தெட்டு?"

"பின்னை? நல்ல காரியத்துக்கு மூண்டு எண்டு போடுறதே? விளங்கினமாதிரித்தான்!"

சரி போகட்டும் என்று அவன் நூற்றொன்பது போட்டுக் கால்சா என்று அனுப்பினான். மாமா உடனே போன் எடுத்தார்.

"நூத்தொன்பதோ? அதென்னடா, அர்ச்சனை முடிஞ்சாப்பிறகு ஒண்டு மிஞ்சினமாதிரி? நான் ஆயிரத்தெட்டாக்கி விட்டிட்டன்."

"ஐயோ மாமா! எந்த மண்டபம் எண்டு போட்டனீங்கள்?"

"அக்கா எழுதினதைத்தான். பெத்த தாயின்ரை சொல்லை மீறலாமோ?"

உமாசுதனுக்கு அழுகை வந்தது. எல்லாருக்கும் போன் எடுத்து, "எல்லா மெசேஜையும் அழியுங்கோ. ஒண்டிலையிருந்து புதுசாத் தொடங்குவம்" என்று கெஞ்சினான். அழித்தார்கள். கால்சா என்ற புது முதலாம் நம்பர் போனது. சனம் பஸ் ஏறியது. அப்பாடா.

அந்த நேரம் பார்த்துக் கபோ சந்தையில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்த பவளராணி, செத்துக் கிடந்த போனுக்கு ஒரு கடையில் சார்ஜ் ஏற்றினார். அவரிடம் ஆயிரத்தெட்டு அப்படியே இருந்தது.

"தம்பி, எல்லாரும் ஒண்டாம் நம்பரை வைச்சுக்கொண்டு நிக்கினம், பாவங்கள். நான் ஆயிரத்தெட்டை எல்லாருக்கும் விட்டிட்டன். பயப்பிடாதை!"

பாதி வழியில் சனம் பஸ்ஸிலிருந்து இறங்கி லிபெர்த்தாவுக்கே திரும்பியது.

இனி ரூட்டரும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். உமாசுதன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு லிபெர்த்தாவுக்கு ஓடினான். தண்ணீருக்குள் பலகாரத் தட்டோடு நின்ற அத்தனை பேரையும் திட்டித் திட்டிக் கால்சாவுக்குக் கூட்டிவந்து சேர்த்தபோது, பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அம்மா குத்துவிளக்கை ஏற்றினார்.

"பொம்பிளை வீட்டார் எங்கையடா?" என்றார் மாமா.

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். கிருசாந்தினியின் தங்கை சுஜானி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டும் பையுமாகத் தனியே உள்ளே வந்தாள். உமாசுதன் பாய்ந்து போனான்.

"உங்கடை ஆக்கள் எங்கை? எந்த நம்பரைப் பாத்தவை? ஆயிரத்தெட்டோ, ஒண்டோ?"

சுஜானி ஒன்றும் விளங்காமல் பையை நீட்டினாள்.

"புதன்கிழமை அக்கா இந்தச் சம்பந்தம் வேண்டாமெண்டு எழுத நீங்கள் உடனை பெருவிரல் போட்டியள், தங்கமான பொடியன் எண்டு அப்பா கண்கலங்கிப்போனார், பிறகும் மண்டபம் மண்டபமெண்டு மெசேஜ் வர, வேறை பொம்பிளை கிடைச்சிட்டுதாக்கும் எண்டு அம்மா இந்தச் சேலையைத் தந்துவிட்டவ. எங்கை பொம்பிளை?"