எசென்குலுக்கு வேண்டியது ஒரே ஒரு முத்திரை

மூன்றாவது முறை ஊதியபோதும் கருவி ‘பீ’ என்று கத்தியது.

“காலையில என்ன குடிச்சீங்க?” என்றாள் நர்ஸ் புருல்ச்சா.

“டீ.”

“டீக்கு இது கத்தாதே அண்ணே.”

எசென்குல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “மச்சான் மேய்ச்சல் மலையிலேருந்து குமிஸ் கொண்டாந்தான். மூணே மூணு கிண்ணம்.”

மச்சான் நீட்டும், லேசாகப் போதையேற்றும் புளித்த குதிரைப்பாலை வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளை நரின் வட்டாரத்தில் இதுவரை பிறக்கவில்லை. அதிலும் வருஷத்தின் முதல் குமிஸ். ஆனால் கருவிக்கு மச்சானும் தெரியாது, மரியாதையும் தெரியாது.

அந்த லாரி டிப்போவில் நர்ஸ் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் நாடியையும் பார்த்து, பயணத்தாளில் நேரம் போட்டுத் தகுதி முத்திரை குத்தினால்தான் கேட் திறக்கும். எல்லா நாளும் அப்படித்தான். அன்று மட்டும் முற்றத்தில் ஒரு புத்தம்புது சிவப்பு லாரி நின்றது. முதல் ஓட்டம் யார் போகிறாரோ, வண்டி அவருக்கே என்பது டிப்போ வழக்கம். மற்ற டிரைவர்கள் எல்லாரும் வெளியூரில். எசென்குல்தான் பாக்கி.

பதினோரு வருஷமாக அவர் ஓட்டிய லாரியில் சூடேற்றி கிடையாது. ஒரு டிசம்பரில் அவர் தாடி ஸ்டீயரிங்கோடு உறைந்துபோய், இடப்பக்கம் திரும்ப முடியாமல் நாலு நாள் வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஊர் வந்து சேர்ந்தார். இதை அவரே சொன்னார், அதனால் சந்தேகப்பட இடமில்லை.

மேனேஜர் அப்திகெரிம் கதவில் தலையை நீட்டினார். “எசென்குல், பன்னிரண்டு மணிக்கு கணவாயை ரோடு வேலைக்கு மூடுறாங்க. அதுக்குள்ள கம்பளி லோடு கிளம்பணும். சீக்கிரம் ஊதித் தொலைங்க!”

வாட்ச்மேன் கரிபெக் எசென்குலை ஓரமாக இழுத்தான். “குருத் மெல்லுங்க அண்ணே. வாடையும் போகும், வாயும் சுத்தமாகும்.”

கல்லைப்போல் காய்ந்த அந்த உப்புத் தயிர் உருண்டைகளில் பதினைந்தை எசென்குல் மென்று விழுங்கினார். முக்கால் மணி கழித்து ஊதினார். கருவி மூச்சுவிடவில்லை. அவர் நடனமாட எழுந்தார்.

“உட்காருங்க. ரத்த அழுத்தம் பாக்கணும்,” என்றாள் புருல்ச்சா. முள் ஏறிக்கொண்டே போனது. “நூத்தி எழுபதா! உப்புச் சுரங்கத்துலயா சாப்பிட்டீங்க?”

“இறங்கிரும். வண்டியில ஏறினா இறங்கிரும்.”

“இறங்கின அப்புறம் ஏறுங்க.”

“தலை குளிர்ந்தா தானா இறங்கும் அண்ணே,” என்றான் கரிபெக். டிப்போவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் ஓடுவது போன வாரம்வரை பனியாக இருந்த தண்ணீர். எசென்குல் தலையை முக்கினார். எடுத்தபோது காது இரண்டும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இப்போது அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நாடிதான் குதிரைப் பந்தயம் ஓடியது.

“நூத்தி பதினெட்டு. பல்லு வேற தந்தி அடிக்குது,” என்றாள் புருல்ச்சா. மணிக்கட்டைப் பிடித்தபடியே ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள். “ஏன் அண்ணே, அதுல கியர் எத்தனை?”

“ப-ப-பதினாறு.”

“ம். நீங்க போய்ப் படபடப்பை அடக்கிட்டு வாங்க.”

அதற்கும் கரிபெக்கிடம் வழி இருந்தது. அவன் அம்மாவின் இதயச் சொட்டு மருந்து. “முப்பது சொட்டு,” என்றான். எண்ணுவதற்கு நேரமில்லாததால் எசென்குல் சீசாவையே கவிழ்த்துக்கொண்டார்.

மணி பதினொன்று இருபது. நாடி எழுபது. அழுத்தம் கைக்குழந்தையினுடையது. எசென்குல் தாளை நீட்டினார்.

“இவ்வளவு அமைதியான டிரைவரை நான் பாத்ததேயில்லை,” என்றாள் புருல்ச்சா. “முறைக்கு இன்னொரு தடவை ஊதிருங்க.”

ஊதினார். கருவி போட்ட கத்தலில் டிப்போ நாய்கள் மூன்றும் பதில் குரைத்தன.

புருல்ச்சா காலி சீசாவை வாங்கி அதில் ஒட்டிய சீட்டைப் படித்தாள். “பாதிக்குப் பாதி சாராயம் அண்ணே இது.”

“தங்கச்சி, பதினோரு வருஷம்மா!”

“சட்டம் சட்டம்தான். தண்ணி குடிச்சுட்டு இங்கேயே உட்காருங்க. நான் மேனேஜரைப் பாத்துட்டு வர்றேன்.”

எசென்குல் இரண்டு குவளைத் தண்ணீர் குடித்தார். கருவியை எடுத்து அவராகவே ஊதினார். ‘பீ’. மறுபடி ஊதினார். ‘பீ’. பதினொன்று ஐம்பதுக்கு மேனேஜரின் காலில் விழுந்துவிடலாமென்று எழுந்தபோது, வெளியே ஒரு பெரிய இன்ஜின் உறுமியது. கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது.

தலைதெறிக்க ஓடினார். சிவப்பு லாரி கம்பளி மூட்டைகளோடு கணவாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. மேனேஜர் கையசைத்து வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

“யாருடா அது? ஊர்ல என்னை விட்டா வேற டிரைவரே கிடையாதே!”

கரிபெக் கேட்டைச் சாத்தினான். “நம்ம நர்ஸக்காதான் அண்ணே, பெரிய வண்டி லைசென்ஸ் வச்சிருக்காங்களாம், அவங்க பயணத்தாளை வாங்கிப் பாத்தேன், முத்திரை காலையில எட்டு மணிக்கே குத்தியிருக்கு.”