பெண் பார்க்க வந்தவரின் சட்டை

பெண் பார்க்க வரும் நாளில், பெண்ணைத் தவிர வேறு எதுவும் வந்தவர்கள் கண்ணில் படக் கூடாது என்பது ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டு ஏற்பாடு. அன்று ஒளித்து வைக்கப்பட்டது ஒரு பிளாஸ்டிக் கேன்.

வரதராஜன்பேட்டைப் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டியபோது வந்த எண்ணெய்ச் சேற்றை ஒரு குழியில் கொட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சேற்றிலேயே பிறந்து எண்ணெயைத் தின்று வாழும் நுண்ணுயிர்களைப் பெருக்கி, மறுபடி குழியில் விடுவது என் வேலை. (படித்த பெண் சேறு வளர்க்கிறாளே என்று அம்மாவுக்கு வருத்தம்.) மழைக்கு முன் விடாவிட்டால் குழி வழிந்து பக்கத்து மக்காச்சோளக் காட்டில் இறங்கிவிடும். ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி கரண்ட் போய்விடுவதால் கேனை வீட்டுக்கே கொண்டுவந்து, வெல்லம் கலந்து, காற்றுப் போக வாயில் துணி கட்டி வைத்திருந்தேன். அவற்றின் மேல் எனக்கு உயிர்.

நாற்றத்துக்குப் பயந்த அப்பா, துணியை அவிழ்த்து மூடியை இறுக்கித் திருகி, கூடத்து நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார். அதே நாற்காலியில் குன்னத்திலிருந்து வந்த மாப்பிள்ளை சேகர் உட்கார்ந்தார்.

காபித் தட்டோடு வந்த நான் குனிந்த தலையோடு பார்த்தது மாப்பிள்ளையின் காலை அல்ல, உப்பிப் போயிருந்த கேனை. மூச்சுமுட்டிச் சாகப்போகின்றனவே என்று தட்டை அவர் மடியிலேயே வைத்துவிட்டு, கேனை இழுத்து மூடியைத் திருகினேன். கறுப்பு நுரை சீறி அவர் வெள்ளைச் சட்டை முழுக்கத் தெறித்தது. பதற்றத்தில் கேனையும் தரையில் கவிழ்த்தேன்.

அம்மா காலையில்தான் தரையை ஃபினாயில் விட்டுத் துடைத்திருந்தாள். கீழே விழுந்தது ஒன்றும் பிழைக்காது. உயிரோடு மிச்சம் இருந்தது சட்டையில் மட்டும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்தச் சட்டையக் கழட்டிக் குடுக்கறீங்களா?" என்றேன்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். சேகர் காபியை ஓரமாக வைத்து, பட்டனைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "இதுங்களுக்கு வேற என்னங்க வேணும்?"

காற்று, கொஞ்சம் வெல்லம் என்றேன். அந்த நொடியிலேயே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

சேகர் என் அப்பாவின் தொளதொளச் சட்டையில் ஊர் திரும்பினார். அவருடைய சட்டையை அலசிய நீரிலிருந்து அவை மறுபடி பெருகின, மழைக்கு முன்னால் குழிக்கும் போய்ச் சேர்ந்தன. இப்போது அங்கே புல் முளைத்திருக்கிறது.

"பொண்ணப் பாத்துட்டு வாடான்னு அனுப்பினேன், சட்டைய வுட்டுட்டு வந்துட்டான்" என்று மாமியார் இன்னமும் எல்லா விசேஷத்திலும் சொல்லிச் சிரிக்கிறார். இவரோ, எங்கள் அம்மா வீட்டுக்கு எப்போது போனாலும், நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.