இது உங்க கடைதான்

பதிவுத் தபாலில் வந்த நோட்டீஸை மறுபடியும் மறுபடியும் படித்தார் பரமசிவம். எத்தனை முறை படித்தாலும் அவருடைய கடை அவருடையதாக இல்லை.

ஓரிக்கையில் தையல் கடை வைத்திருக்கும் மரியம்மாள் என்பவர், காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் உள்ள பரமசிவம் பட்டு மாளிகை தனக்கே சொந்தம் என்று எழுதியிருந்தார். 'இது உங்க கடைதான்க்கா' என்று கடையின் வாட்ஸ்அப் எண்ணிலிருந்து பலமுறை எழுத்து மூலமாக உறுதி கொடுக்கப்பட்டிருக்கிறதாம். ஆகவே சாவியைத் தயவுசெய்து ஒப்படைக்க வேண்டுமாம். கையெழுத்துக்கு மேலே 'தங்கள் நலம் விரும்பும்' என்று வேறு இருந்தது.

"உமாபதி!"

கடையின் மூத்த விற்பனையாளன் உமாபதி, வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்த முந்தானை தன் தோளில் கிடப்பதையும் மறந்து ஓடி வந்தான்.

"'இது உங்க கடைதான்'னு நம்ம கடைல யாருய்யா சொல்றது?"

"நான்தான் மொதலாளி. வர்றவங்க எல்லாருக்கும் சொல்வேனே."

"நீ சொன்னது பத்தாதுன்னு இப்ப சந்தியாவும் எல்லாருக்கும் சொல்லிக்கினு இருக்குது!"

சந்தியா என்பது பெண் இல்லை. கடையின் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் ஏ.ஐ. சென்னைக் கம்பெனி ஒன்று விற்றுவிட்டுப் போனது. அதற்குப் பட்டு வியாபாரம் கற்றுக்கொடுப்பதற்காக, ஆடித் தள்ளுபடி முழுக்க உமாபதியின் சட்டையில் ஒரு குட்டி மைக்கைக் குத்தி வைத்திருந்தார்கள். அவன் பேசியதெல்லாம் அதற்குப் பாடம்.

உமாபதியின் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கடைப்படி ஏறி வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. மாம்பழ மஞ்சளில் மயில் கரை கேட்டால், "தறியில ஓடிக்கினு இருக்குதும்மா, நாளைக்கு அறுத்துடுவாங்க" என்பான். அந்தத் தறி எங்கே இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. வந்தவரை உட்கார வைப்பதற்குள் "இது உங்க கடைதான்க்கா, நீங்க பாத்து இன்னா சொன்னாலும் சரி" என்று நாலு தடவை சொல்லிவிடுவான். இதைக் கேட்டு யாரும் சாவி கேட்டதில்லை.

சந்தியாவுக்கோ சூதுவாது தெரியாது. உமாபதி மனுஷருக்கு மனுஷர் அளந்து சொல்வதை அது எல்லாருக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிட்டது.

"சந்தியா நல்லா தேறிட்டா, அப்புறம் நீ எதுக்குன்னு யோசிக்கணும்" என்று பரமசிவம் பொங்கலுக்கு முன்பே ஜாடையாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்தே உமாபதிக்கு வேலை போய்விடும் என்ற பயம். வேறு தொழில் தெரியாது. மகள் காலேஜில் இந்த வருஷம்தான் சேர்ந்திருக்கிறாள். இப்போது சந்தியா செய்த தப்புக்கும் அவனே மூலகாரணம் என்று ஆகிவிட்டது.

இருவரும் வக்கீல் ஆனந்தகுமாரைப் பார்க்கப் போனார்கள். முன்பெல்லாம் அவர் ஆபீசில் ஜூனியர்கள் நிற்க இடம் இருக்காது. இப்போது ஒரு லேப்டாப்தான் இருந்தது.

"எல்லா டிராஃப்டும் ஏ.ஐ.தான் போடுது. ஜூனியர்னா மதியம் சோறு போடணும். இதுக்கு சார்ஜ் போட்டாப் போதும்" என்றார் வக்கீல். பிறகு நோட்டீஸைப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னா சார்?" என்றார் பரமசிவம்.

"வக்கீல் பேரே போடல பாருங்க. அந்தம்மா பேர்ல பின்னாலேர்ந்து யாரோ எழுதறாங்க. நம்ம கோர்ட்டு ஆளுங்கன்னா மெரட்டித்தான் எழுதுவாங்க. இவன் கொஞ்சறான். கொஞ்சிக்கினே கழுத்தறுக்கறவன் சாதாரண ஆள் இல்ல. எவனோ பெரிய மெட்ராஸ் வக்கீலோட கையி."

"போய் அந்தம்மாவையே கேட்டுட்டு வந்துடட்டுமா சார்?" என்றான் உமாபதி.

"அதான் கூடாது! எதிராளிகிட்ட ஒரு வார்த்த பேசினாலும் அது சாட்சி ஆயிடும். யாரும் வாயத் தெறக்காதீங்க. நான் பதில் போடறேன்."

லேப்டாப் பதில் போட்டது. 'இது உங்க கடை என்பது தமிழர் மரபில் வழங்கும் உபசார வார்த்தை. அதற்குச் சட்டப்படி எந்தப் பொருளும் கிடையாது.' படித்துக் காட்டியபோது பரமசிவத்துக்குப் பாதி உயிர் வந்தது.

பதில் போய்ச் சேர்ந்த கையோடு அடுத்த நோட்டீஸ் வந்து நின்றது.

'தங்கள் பதில் கண்டு மகிழ்ச்சி. தங்கள் கடை சொல்வது உபசார வார்த்தை என்றால், அதே உரையாடலில் வரும் அசல் பட்டு, அசல் ஜரிகை என்பவையும் உபசார வார்த்தைகள்தானா என்பதை அன்புடன் தெரிவிக்கவும். தங்கள் பதிலை ஊரில் உள்ள மற்ற வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்ள ஆவலாக உள்ளேன்.'

பரமசிவம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "சார், என் ஜரிகையில ஒரு கொறயும் கெடையாது. சத்தியமா அசல் சார்!"

"எனக்குத் தெரியும். ஆனா வார்த்தைக்கு அர்த்தம் இல்லன்னு நாமளே எழுத்துல குடுத்துட்டோமே" என்றார் வக்கீல். "நான் சொன்னனே, மெட்ராஸ் கையி."

அன்றைக்கே உமாபதிக்கு வாய்ப்பூட்டு போடப்பட்டது. வக்கீல் பார்த்துச் சொன்ன வார்த்தைகளைத் தவிர வேறு எதுவும் கடையில் பேசக் கூடாது. மதியம் திருவள்ளூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் நிறைய வந்து இறங்கினார்கள்.

"வாங்கம்மா" என்றான் உமாபதி. அடுத்து பழக்கதோஷத்தில் வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "இது எங்க மொதலாளி கடை" என்றான்.

அந்த வீட்டுப் பெரியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரிப்பா. யார் இப்ப கேட்டா?"

"இந்தக் கலர் எனக்கு நல்லா இருக்குமாண்ணா?" என்று மணப்பெண் கேட்டாள்.

"அது அவங்கவங்க கருத்தைப் பொறுத்தது."

வேன் அப்படியே எதிர்க்கடைக்குப் போய் நின்றது. பரமசிவம் கல்லாவிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். திரும்பிப் போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் உமாபதிக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

வக்கீலின் லேப்டாப் அடுத்த பதிலுக்குத் தயாரானது. இந்த முறை அது வேறு வழி கண்டுபிடித்தது. 'மேற்படி வார்த்தைகள் உமாபதி என்ற ஊழியரின் சொந்தப் பேச்சு. கடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட உள்ளார்.'

"சார்! இது சும்மா பேப்பருக்குத்தானே?" என்றான் உமாபதி.

"பேப்பர்ல எழுதினா செஞ்சுதான் ஆகணும். இல்லன்னா அந்தக் கை நம்மள உரிச்சுடும்" என்றார் வக்கீல். பரமசிவம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் அன்றைக்கே தபாலில் போனது.

மறுநாள் காலையில் உமாபதிக்கு இட்லி இறங்கவில்லை. மனைவி காவேரி தட்டைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள்.

"ஓரிக்கை இன்னா சீமையிலயா இருக்குது? பஸ் ஏறிப் போய், 'உனக்கு இன்னாம்மா வேணும்'னு கேட்டுட்டு வாயேன்" என்றாள்.

"பேசக் கூடாதுன்னு வக்கீல் சொல்லிருக்காரு."

"அப்ப வக்கீலே சோறு போடுவாரான்னு கேளு."

காவேரி சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனால் நேரில் போகத் தைரியம் வரவில்லை. பேசத்தானே கூடாது, எழுதலாமே என்று உமாபதி தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். நோட்டீஸில் இருந்த எண்ணுக்குத் தன் போனிலிருந்தே ஒரு செய்தி அனுப்பினான்.

'அம்மா, நான் உங்க கடைப் பையன் உமாபதி எழுதறேன். தெரியாம நடந்துபோச்சு. நீங்க மனசு வெச்சாதான் என் வேலை நிலைக்கும்.'

இருபது வருஷமாகப் பணிவாகப் பேசியே பழகியவன். வேறு எப்படி எழுதுவான்?

அடுத்த நோட்டீஸ் நேரே அவன் தலையில் விழுந்தது.

'உமாபதி என்பவர் என் கடைப் பையன் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் வேலை என் மனத்தைப் பொறுத்தது என்றும் எழுதியிருக்கிறார். நகல் இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே என் அனுமதியின்றி அவரை நீக்கக் கூடாது என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை காலை என் கடையைப் பார்வையிட வருகிறேன்.'

"அடப்பாவி! எதிராளிக்கே வேலக்காரனாயிட்டியா?" என்று பரமசிவம் குதித்தார்.

உமாபதி தலையைக் குனிந்துகொண்டான். அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தனை வருஷத்தில் அவன் வேலைக்காக ஒருவர் பரிந்து எழுதியது இதுதான் முதல் தடவை. அந்த வரியை அவன் மனசுக்குள் இன்னொரு முறை படித்துக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கடையைக் கழுவி விட்டார்கள். வக்கீல் லேப்டாப்போடு கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மெட்ராஸ் கையும் கூடவே வரும் என்று புதுக் கோட்டு போட்டிருந்தார். காரை எதிர்பார்த்து எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நடுத்தர வயது அம்மாள் ஒருவரும் ஓர் இளம்பெண்ணும் இறங்கினார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அந்த அம்மாள் மஞ்சள் பையிலிருந்து ஒரு புடவையை எடுத்து விரிப்பில் வைத்தார்.

"நான்தாம்பா மரியம்மா. இது எம் பொண்ணு ஷாரோன். இவ கல்யாணத்துக்குக் கிரீம் கலர் கேட்டேன், சந்தனக் கலர் வந்துக்குது. சர்ச்சுல பொண்ணு கிரீம்தானே கட்டணும்? தவக்காலம் ஆரம்பிக்கறதுக்குள்ள கல்யாணம். இத மாத்திக் குடுங்கப்பா."

பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று வக்கீல் வாசலை எட்டிப் பார்த்தார்.

"அவ்ளோதானா?" என்றார் பரமசிவம். "கடை?"

"எனக்கு எதுக்குப்பா கடை? இருக்கற தையல் கடையையே பாக்க முடியல."

"நேரா வந்து கேட்டிருக்கலாமேம்மா!"

"வந்தேனே. போன்ல வாங்கினத போன்லதான் மாத்தணும்னு வாசல்லயே அனுப்பிட்டாங்க. போன்ல தெனம் கேட்டேன். 'மாத்திடலாம்க்கா, மாத்திடலாம்க்கா'ன்னு பதில் வந்துச்சு, பொடவ வரல. சரி, வேற வழியில போவோம்னு நோட்டீஸ் போட்டேன்."

உமாபதி வக்கீலைப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கிரீம் பட்டை உருவி ஒரே வீச்சில் விரித்தான். முந்தானையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். வாய்ப்பூட்டு தானாகக் கழன்றது.

"பாருங்கம்மா, கிரீம்லயே பொடிக் கட்டம். ஜரிகை கண்ணக் குத்தாது. சர்ச்சு வெளிச்சத்துல பாப்பா நின்னா போட்டோக்காரர் வேற யாரையும் எடுக்க மாட்டாரு. எடுத்துக்குங்க, இது உங்க..."

"உமாபதி!" என்று அலறினார் வக்கீல்.

"...பொண்ணுக்குன்னே நெய்ஞ்சது" என்று முடித்தான் உமாபதி.

ஷாரோன் சிரித்துவிட்டாள். புடவை மாறியது. மரியம்மாள், எல்லாம் தீர்ந்தது என்று வக்கீல் நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

பயம் போனதும் பரமசிவத்துக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும். கையெட்டும் தூரத்தில் உமாபதிதான் நின்றான்.

"மொத தேதியிலேர்ந்து நீ வராதே. எதிராளிக்கு மெசேஜ் போட்டவன நம்பி நான் கடைய விட முடியாது. சந்தியாவப் பாரு! ராப்பகலா கடை நம்பர்ல உக்காந்துக்கினு பதில் சொல்லுது. ஒரு நாளாவது நம்மள விட்டுட்டு அந்தப் பக்கம் போச்சா? அதான் விசுவாசம். இனிமே எல்லாத்தையும் சந்தியாவே பாத்துக்கட்டும்."

"சரியான முடிவு" என்றார் வக்கீல்.

உமாபதி தோளில் கிடந்த முந்தானையை எடுத்து மெதுவாக மடித்தான். ஒரு மடிப்பும் நேராக விழவில்லை.

வக்கீல் லேப்டாப்பை மூடிவிட்டு மரியம்மாளிடம் திரும்பினார். தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"கேஸ் முடிஞ்சுபோச்சு, இனிமே சொல்லலாம்மா. உங்களுக்கு நோட்டீஸ் எழுதின வக்கீல் யாரு? அவர நான் ஒரு தடவ நேர்ல பாத்துக் கைகுடுக்கணும்."

மரியம்மாள் புடவையைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்:

"வக்கீலுக்கு நாங்க எங்க சார் போறது? இப்ப சொன்னாரே உங்க மொதலாளி, கடை நம்பர்ல பதில் சொல்ற சந்தியா, அந்தப் பொண்ணுதான் எல்லா நோட்டீஸையும் எனக்கு எழுதிக் குடுத்துச்சு. தங்கமான பொண்ணு, சம்பளத்தக் கொஞ்சம் கூட்டிக் குடுக்கச் சொல்லுங்க."