ஆப்பிளும் கேரட்டும் ஒரே துணி

"ஒரே துணின்னு சொன்னீங்க. ஆப்பிள் மட்டும் சிவந்து போயிருக்கே?"

பள்ளித் தாளாளரம்மா கேட்டதும் தையலக்கா பதறிப்போனாள். பதறாமல் பின்னே? விடிந்தால் பள்ளி நாடகம். தாளாளரம்மாவின் இரட்டைப் பெண்களில் மூத்தவளுக்கு ஆப்பிள் வேஷம், இளையவளுக்குக் கேரட் வேஷம். ஒருத்தி உடுப்பு கொஞ்சம் நிறம் மாறினாலும் வீடு ரெண்டுபட்டுவிடும். அதனால் ரெண்டுக்கும் ஒரே ஆரஞ்சுத் துணி என்று கறாராகச் சொல்லியிருந்தார். இது சரியாக வந்தால் பள்ளி முழுக்கச் சீருடை தைக்கும் வேலை அக்காவுக்கு. இல்லையென்றால் எதிர்க்கடைக்காரனுக்கு.

அக்கா துணிச்சுருளை விரித்துக் காட்டினாள். அம்மா நம்பவில்லை. சரியென்று, அவர் கண்ணெதிரே அதே சுருளில் புதிதாக ஓர் ஆப்பிள் வெட்டித் தைத்தாள். அது பழையதைவிடச் சிவந்து உட்கார்ந்திருந்தது. பாழாய்ப்போன கண், அக்காவுக்கே அப்படித்தான் தெரிந்தது.

பட்டன் தைக்கும் தங்கச்சிதான் செய்தித்தாளில் ரெண்டு ஓட்டை போட்டு, உருவம் தெரியாதபடி ரெண்டு உடுப்பையும் மூடிப் பார்த்தாள். "அக்கா, இப்ப ரெண்டும் ஒண்ணு. ஆப்பிள்னு தெரிஞ்சாலே கண்ணு சிவப்பைப் பூசிடுது."

அம்மாவிடம் பேப்பரை நீட்டினார்கள். அவர் குனியக்கூட இல்லை.

"என் பொண்ணு பேப்பர் ஓட்டைக்குள்ளயா ஆடப்போறா? சாயங்காலம் வருவேன். மாறலைன்னா எதிர்க்கடைதான்."

இனி உண்மையைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா? அக்கா துணிக்கடைக்கு ஓடி, கொஞ்சம் சிவந்த துணியாக வாங்கி, கேரட்டை மட்டும் மறுபடி தைத்தாள். ஊசி ரெண்டு தரம் விரலில் ஏறியது.

சாயங்காலம் பிள்ளைகள் உடுத்திக்கொண்டு நின்றார்கள். அம்மா ஆப்பிளைப் பார்த்தார், கேரட்டைப் பார்த்தார், திரும்ப ஆப்பிளுக்கு வந்தார்.

"இதைத்தானே முதல்லயே கேட்டேன். இப்பதான் ஒரே துணி."

சீருடை வேலையும் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வேனில் ஏற இடைஞ்சலாக இருக்கிறதென்று பிள்ளைகள் உடுப்பைக் கழற்றி, ரெண்டையும் பந்தாகச் சுருட்டி டிரைவர் கையில் திணித்தார்கள். அவர் கைக்கு ஒன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க மேடம், மாத்திக் குடுத்துட மாட்டேன். நல்லாச் சிவப்பா இருக்கிறது ஆப்பிள், மத்தது கேரட். அப்படித்தானே?"